தவிட்டெண்ணெயும் முழுக்கைச் சட்டையும்

மே மாதத்தில் திருச்சியில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானும் மாட்டிக்கொண்டு நடமாடுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று வக்கீல், இல்லையென்றால் மாப்பிள்ளை. என் அப்பா இரண்டும் இல்லை. அரியமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் டர்னர். எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம், என் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்த அன்று, அவர் அப்படியொரு சட்டையைப் போட்டுக்கொண்டு கல்லூரிக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டைக்குள் என்ன இருந்தது என்று அவரைத் தவிர அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும், எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடத்துக்கும்.

இப்போது யாராவது மேடையேறி, சுற்றுச்சூழலுக்கு உகந்த மசகெண்ணெய் என்று பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆறு, மீன், மண் என்று அடுக்குவார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் நான் அந்த வேலையில் இறங்கியபோது ஆற்றைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. காவிரி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று ஊரே நம்பிய காலம், நானும் நம்பினேன். என் கவலையெல்லாம் இரண்டு கைகளைப் பற்றித்தான்.

லேத்தில் இரும்பு சுற்றும், உளி அதைச் சீவும். சீவும் இடத்தில் சூடு ஏறாமல் இருக்க கட்டிங் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவின் பட்டறையில் ஊற்றியது பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய், கறுப்பாக இருக்கும். சுழலும் இரும்பு அதை வாரி இறைக்கும். இருபத்தைந்து வருடமாக அது அவருடைய முன்னங்கைகளில் தெறித்துக்கொண்டிருந்தது. மயிர்க்கால்கள் அடைத்துக்கொண்டு, கடுகு கடுகாகக் கறுப்புப் புள்ளிகள் கிளம்பும். அவை வீங்கும், சீழ் வைக்கும், உடையும். ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். சோறு பிசையும்போது சட்டைக் கை உரசினால் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஊறுகாய் கேட்பார். பல்லைக் கடித்தது ஊறுகாய்க்காகத்தான் என்று நாங்கள் நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

டாக்டர் பார்த்துவிட்டு, "ஸ்கின் போயிருச்சுங்க. ஒண்ணு எண்ணெய நிறுத்துங்க, இல்ல வேலைய நிறுத்துங்க" என்றார். அப்பா "சரிங்க டாக்டர்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு மறுநாள் வழக்கம்போல சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அம்மா தினமும் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். எண்ணெயால் வந்த புண்ணுக்கு எண்ணெயா என்று நான் கத்துவேன். "முள்ள முள்ளாலதான்டி எடுக்கணும்" என்பாள். எம்.எஸ்ஸி. முடித்த திமிர் எனக்கு, அம்மாவின் வைத்தியத்தைக் கேலி செய்தேன். பின்னால் நான் செய்யப் போனதும் அதே வைத்தியம்தான்.

மேடம் ஸ்ரீரங்கத்துக்காரர். கண்டிப்பானவர், பேச்சில் மட்டும் ஒரு குறும்பு இருக்கும். ஆராய்ச்சிக்கு என்ன எடுப்பது என்று அவரிடம் போனபோது நான் அப்பாவின் கையைப் பற்றிச் சொன்னேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அவர், "மண்ணச்சநல்லூர்ல இத்தனை மில்லு இருக்கு, மலை மலையாத் தவிடு. அதுல எடுக்கற எண்ணெயை சோப்புக்காராளுக்குப் போட்டுண்டிருக்கா. அந்த எண்ணெய்க்கு ஒரு நல்ல கதி பண்ணேன். உங்கப்பா கைக்கும் ஆகும், உனக்கு ஒரு பட்டமும் ஆகும்" என்றார்.

தாவர எண்ணெய் வழுக்குவதில் சூரன். தோலுக்குப் பகையில்லை. தரையில் கொட்டினால் மண்ணே தின்றுவிடும். அதற்கு உள்ள ஒரே கெட்ட குணம், காற்றும் சூடும் சேர்ந்து பட்டால் பிசினாகிவிடும். முறுக்கு சுட்ட வாணலியின் விளிம்பில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினாலும் வராமல் அடம்பிடிக்குமே, அதுதான். எண்ணெயின் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் ஒன்றையொன்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. காற்று அங்கேதான் புகுந்து கெடுக்கும். நாம் முந்திக்கொண்டு அந்த இடத்தில் ஒரு ஆக்சிஜனை வளையமாக மாட்டி, பிறகு அந்த வளையத்தைத் திறந்து ஆல்கஹாலைக் கோத்துவிட்டால் காற்றுக்கு அங்கே வேலை இருக்காது. சொல்வதற்கு நான்கு வரி, செய்வதற்கு எனக்கு மூன்று வருடம் பிடித்தது. பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் பொங்கிக் கூரைக்குப் போய்விடும். ஒருமுறை போயிற்று. கூரையில் அந்த மஞ்சள் கறை ரொம்ப நாள் இருந்தது. புதிதாகச் சேரும் மாணவிகளுக்கு அதைக் காட்டித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்கள்.

நல்லபடியாக வந்த முதல் எண்ணெய்க்கான சரக்கை ஒரு ஐப்பசி மாதத்தில் கொண்டுவந்தேன். மண்ணச்சநல்லூரில் மில்களை ஒட்டி, தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் சின்ன ஆலை ஒன்று இருந்தது. அங்கே ஒரு டின் வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

"என்னம்மா அது, கெரசினா?" என்று கண்டக்டர் முறைத்தார்.

"தவிட்டெண்ணெய்ங்க. ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சிக்கும் லக்கேஜ் டிக்கெட் உண்டும்மா."

அந்த டின்னை நான் முறைப்படி சோதித்தேன். எண்ணெயில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. குறைவாகத்தான் இருந்தது. பிறகு வளையம் மாட்டி, வளையம் திறந்து, கழுவி, உலர்த்தி, தெளிந்த தேன் நிறத்தில் ஒரு எண்ணெய் வந்தது. முகர்ந்தால் லேசாக வேகவைத்த நெல்லின் வாசனை. அப்பா ஒரு சொட்டைக் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லா வழுக்குதும்மா" என்றார். எந்தப் பேராசிரியர் பாராட்டியும் எனக்கு அப்படிக் குளிர்ந்ததில்லை.

பட்டறை முதலாளி நல்ல மனிதர். அப்பாவைவிட வயதில் சின்னவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "உங்க மெஷின்ல மட்டும் போட்டுப் பாருங்கண்ணே. ஆனா மெஷினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அன்னைக்கே நிறுத்திரணும். அது நான் புள்ள மாதிரி வாங்கிப் போட்டது." அப்பா தலையாட்டினார்.

எட்டு வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அப்பாவின் கைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து நோட்டில் குறித்தேன். முதல் இரண்டு வாரம் மாற்றமில்லை. மூன்றாவது வாரம் புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. ஆறாவது வாரம் பழையவை காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு அப்பா அரைக்கைச் சட்டை எடுத்தார். பல வருடத்துக்குப் பிறகு அரைக்கைச் சட்டை. கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் நின்று, யாருக்கோ வழி காட்டுகிற சாக்கில் கையைத் தேவைக்கு அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் வாழ்க்கையில் நான் யாருக்காவது உருப்படியாக ஒன்று செய்தேன் என்றால் அது அந்த எட்டு வாரம்தான். அதையும் நானே கெடுத்தேன்.

எண்ணெய் தீர்ந்துகொண்டே வந்தது. வருடம் பிறந்த முதல் வாரத்தில், இன்னும் நான்கு நாளைக்குத்தான் வரும் என்று அப்பா சொன்னார். தீர்ந்தால் மறுபடி கறுப்பு எண்ணெய். நான் ஓடினேன். அதே ஆலை, அதே ஆள், அதே மாதிரி டின். எண்ணெய் கொஞ்சம் வெளுப்பாக இருந்த மாதிரி ஒரு ஞாபகம், அது இப்போது வந்த ஞாபகமாகவும் இருக்கலாம். அமிலச் சோதனை செய்யவில்லை. போன தடவை பார்த்ததுதானே என்று விட்டுவிட்டேன். மூன்று வருடம் சொட்டுச் சொட்டாக விடப் பழகியவள், அரை மணி நேரச் சோதனைக்குப் பொறுமையில்லாமல் போனேன்.

அந்த எண்ணெய் கொஞ்சம் கெட்டியாக வந்தது. குளிர் காலம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருச்சியில் குளிராம்!

அதற்குப் பிறகு அப்பாவிடம் இரண்டு மாற்றங்கள். ஒன்று, சட்டைக் கை மறுபடி நீண்டது. கேட்டதற்கு, "பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கப் போறா, அப்பன் கொஞ்சம் நீட்டா இருக்க வேணாமா?" என்றார். சனிக்கிழமை வெளிச்சத்தில் கையைக் காட்டச் சொன்னால், "எல்லாம் ஜம்முனு இருக்கு, நீ எழுதிக்க" என்பார். நான் எழுதிக்கொண்டேன். இரண்டாவது மாற்றம், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு காலை முதல் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். "நான் ரெண்டாம் பூசைக்குப் போய்க்கிறேன், நீங்க போங்க." வாரமெல்லாம் உழைக்கிற மனிதர் ஒரு நாள் தூங்கட்டும் என்று நினைத்தோம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். அப்பா கெட்டிக்காரர்கூட இல்லை, ஆனாலும் அவர் புளுகு பத்து வாரம் ஓடியது. நான் நம்ப ஆசைப்பட்டதுதான் காரணம்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்து வெளியே வரும்போது, பங்குத் தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் என்னை நிறுத்தினார்.

"அப்பாவுக்கு உடம்பு முடியலியாம்மா?"

"இல்லீங்களே. நல்லாத்தான் இருக்கார். ரெண்டாம் பூசைக்கு வர்றாரே."

"எங்க வர்றார்? நான்தானே ரெண்டு பூசைக்கும் கதவுகிட்ட நிக்கிறேன். பொங்கலுக்கு அப்புறம் அவரப் பாக்கவே இல்லியே."

அம்மாவிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்தாள். "உங்கப்பாவையே கேளு" என்றாள். சட்டை துவைக்கிறவள் அவள்தான். அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டையும் கோயிலையும் விட்டால் அப்பா போகிற ஒரே இடம் பட்டறைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அங்கே போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மற்ற மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. அப்பா தன் லேத்தின் முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய், கையில் பனியன் வேஸ்ட் துணி. லேத்தில் உளியைத் தாங்கும் ஸ்லைடு ஓடும் தண்டவாளம் முழுக்கப் பழுப்பாகப் பிசின் படிந்திருந்தது. முறுக்கு வாணலியின் விளிம்பு! நான் மூன்று வருடம் எதைத் தடுக்கப் பாடுபட்டேனோ, அதேதான். அவர் மண்ணெண்ணெயில் துணியை முக்கித் தேய்த்து, ஒரு மரச் சில்லால் சுரண்டி, மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். கைகளைப் பார்த்தேன். கறுப்பு எண்ணெய்க் காலத்தில்கூட அவை அப்படி இருந்ததில்லை. மண்ணெண்ணெய் தோலை உரித்துப் போட்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, வெடித்து, சில இடங்களில் நீர் கசிந்தது.

என்னைப் பார்த்ததும் முதல் காரியமாகச் சட்டையை இறக்கினார்.

"நீ எதுக்கும்மா இங்கெல்லாம் வர்ற?"

"எத்தனை வாரமாப்பா இது?"

"என்னத்த எத்தனை வாரம்? சும்மா தொடச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்பா!"

மரச் சில்லைக் கீழே வைத்தார். "திங்கக்கிழமை சுத்தமாத்தான் இருக்கும்மா. வியாழன் வெள்ளி வாக்குல ஒட்ட ஆரம்பிச்சிரும். சனிக்கிழமை ஸ்லைடு நகரவே மாட்டேங்குது. முதலாளி பாத்தா நிறுத்திருவாரு. அதான் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்து விட்டுர்றேன்."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? மூணு வருசப் படிப்பு போச்சேன்னு உக்காந்து அழுவ. போதாதுக்கு, மொதல்ல நல்லாத்தானே இருந்துச்சு? திரும்ப நல்லா ஆயிரும்னு நெனச்சேன்."

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். கண்மண் தெரியாத கோபம். அவர்மேல், அம்மாமேல், உபதேசியார்மேல்கூட. மண்ணெண்ணெய் டப்பாவை எட்டி உதைத்தேன். அது உருண்டு போய் ஒரு மூலையில் கொட்டியது. அப்பா எழுந்து போய், மரத்தூள் அள்ளி வந்து அதன்மேல் போட்டார். அவர் கையை நான் பிடித்துக்கொள்ள நினைத்தேன். எங்கே பிடித்தாலும் வலிக்கும். அதனால் அங்கேயே கையைத் தொங்கவிட்டு நின்றேன்.

மறுநாள் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். மேடம் விடுமுறையில் இருந்தார். சித்திரை வீதியில் அவர் வீட்டுக் கூடத்தில், முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ரெண்டு எண்ணெயும் ஒரே ஆலை, ஒரே முறை, ஒன்று தேன் மாதிரி இருந்தது, ஒன்று பிசினாயிற்று, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன். அவருடைய விரல் முறத்திலேயே நின்றுவிட்டது.

"ரெண்டாவது டின் எப்போ வாங்கினே?"

"ஜனவரி முதல் வாரம் மேடம்."

"மார்கழி." முறத்தை என் பக்கம் திருப்பினார். "இது என்ன அரிசின்னு பாரு."

"பச்சரிசி."

"எங்காத்துல வருஷம் பூரா இதான். ஆனா மில்லுக்காரா மத்த நாள்ல உங்களுக்குப் புழுங்கலரிசிதான் அரைப்பா. மார்கழி பாதிக்கு மேல பொங்கலுக்கு ஊருக்கே பச்சரிசி வேணுமே! அப்போ மில்லு மொத்தமும் பச்சை நெல்லுதான் அரைக்கும். நீ வாங்கினது பச்சைத் தவிட்டு எண்ணெய்டீ."

 புழுங்கலரிசிக்கு நெல்லை அவிப்பார்கள். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் நொதி செத்துப்போகும். பச்சை நெல்லின் தவிட்டில் அது உயிரோடு இருக்கும். அரைத்த நிமிடத்திலிருந்தே எண்ணெயை அரித்து அமிலமாக்கிக்கொண்டிருக்கும். சோப்புக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அதனால் ஆலைக்காரரும் சொல்லவில்லை. அந்த அமிலம், நான் மாட்டிய வளையங்களை நான் திறப்பதற்கு முன்னாலேயே தாறுமாறாகத் திறந்து, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிவிட்டிருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? புத்தகத்தில் பக்க எண்ணோடு தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் பச்சரிசி என்றால் வருடத்துக்கு நாலு நாள் பலகாரத்துக்கும் பொங்கலுக்கும் வாங்குகிற சாமான். அரிசி என்றால் புழுங்கல், தவிடு என்றால் புழுங்கல் தவிடு. பிறந்ததிலிருந்து தின்ற சோறு என் கண்ணை மறைத்துவிட்டது.

"நானாவது கேட்டிருக்கணும்" என்றார் மேடம். "தினம் இதைத்தானே பொங்கித் திங்கறேன்." அவரை நான் அப்படித் தளர்ந்து பார்த்ததில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, காபி குடிக்கிறாயா என்று கேட்டார். இரண்டு பேருமே குடிக்கவில்லை, டம்ளர்கள் ஆறிப்போயின.

கல்லூரிக்குத் திரும்பி, மிச்சமிருந்த பச்சை எண்ணெயைச் சோதித்தேன். அமிலம் முழுக்கச் சமனானால்தான் இளஞ்சிவப்பு நிறம் வரும். காரத்தை விட்டேன், விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். நிறம் வரவே இல்லை. காரம் விடும் ப்யூரெட் குழாயை இரண்டாம் தடவை நிரப்பிய பிறகுதான் வந்தது. அந்த அரை மணி நேரத்தை மார்கழியில் செலவழித்திருந்தால் என் அப்பாவின் கைகள் பிழைத்திருக்கும்.

தெரிந்துவிட்டது அல்லவா, இனி சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். புழுங்கல் தவிட்டு எண்ணெய் வாங்கி, இரண்டு முறை சோதித்து, மறுபடி தேன் நிறத்தில் எடுத்தேன். ஆனால் அதற்குள் முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் கொட்டிய மண்ணெண்ணெயின் வாடைதான் காட்டிக்கொடுத்தது. நானே நேரில் போய்ப் பேசினேன். பச்சரிசி, புழுங்கலரிசி, நொதி, அமிலம் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்கம்மா. ஆனா அரிசி மாறினா மெஷின் நின்னுரும்னா, அந்த எண்ணெய நம்பி நான் எப்படி ஆர்டர் எடுக்கிறது? மெஷினுக்கு ஒண்ணுன்னா நிறுத்திரணும்னு அண்ணன்கிட்ட மொதல்லயே சொன்னேன்ல?"

சொன்னார்தான்.  அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கையில் டின்னை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா மறுபடி கறுப்பு எண்ணெய்க்குப் போனார். ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருடம் இருந்தது. வேறு வேலை பாருங்கள் என்று கெஞ்சினேன். "லேத்த விட்டா எனக்கு என்னம்மா தெரியும்?" என்றார். தேன் நிற எண்ணெய் ஆய்வகத்து அலமாரியில் சீட்டு ஒட்டி நின்றது. அப்பாவின் கைகளைக் காப்பாற்றத் தேவையானது எல்லாம் எனக்குத் தெரியும், செய்தும் வைத்திருந்தேன், ஊற்றத்தான் ஒரு மெஷின் இல்லை.

ஆராய்ச்சி நூல் எழுதும்போது, நோட்டில் குறித்து வைத்திருந்த ஒரு வரிக்கு வந்தேன். நான்கு மாதப் பயன்பாட்டில் இயக்குபவரின் தோலில் எந்தப் பாதிப்பும் இல்லை. அதை அடித்துவிட்டேன். மேடம், "முதல் எட்டு வாரம் நிஜம்தானே, அதை மட்டும் வச்சுக்கோயேன்" என்றார். முடியாது என்றேன். அந்த எட்டு வாரத்தை எழுதினால், அதற்கு அடுத்த பத்து வாரத்தையும் எழுத வேண்டும். கைக்குத் தைரியம் வரவில்லை. தோல் என்ற சொல் முன்னுரையில் மட்டும் தங்கிவிட்டது. எடுக்க மறந்துவிட்டேன்.

அடுத்த வருடம் மே மாதம், வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அதைத்தான் பிடித்தார். இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் வளையம், அமிலம், பிசுக்கு என்று கேட்டு முடித்துவிட்டு, கடைசியாக, இந்த எண்ணெய் ஸ்கின்னுக்கு நல்லது என்று முன்னுரையில் சொல்கிறீர்களே, யாராவது கட்டிங் ஆயிலாகப் பயன்படுத்திப் பார்த்தார்களா, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்ததும் உண்மைதான்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கட்டிங் ஆயிலும் ஸ்கின்னும் தெரியும்.

"ஐயா, நான்தாங்க யூஸ் பண்ணது" என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது.

தேர்வாளர் சிரித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "அப்படியா! உக்காந்தே சொல்லுங்க. கை எப்படி இருந்துச்சு?"

அப்பா உட்காரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து உயர்த்திக் காட்டினார். உள்ளங்கையில் காய்ப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. டர்னருக்குப் புண் வருவது முன்னங்கையில். சட்டைப் பொத்தான்கள் இரண்டும் மாட்டியே இருந்தன.

"ஒண்ணுமே ஆகலீங்க. நல்ல எண்ணெய்ங்க" என்றார்.

"இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" என்றார் தேர்வாளர். கூடத்தில் கை தட்டினார்கள். மேடம் தலையைக் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். பெற்ற தகப்பனை நூறு பேர் முன்னால் பொய்யர் என்று எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். அது பாதி உண்மை. எனக்குப் பட்டமும் வேண்டியிருந்தது.

வீடு திரும்பும்போது டவுன் பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நல்ல வெயில், பஸ் நின்று நின்று போயிற்று. அப்பாவின் சட்டைக் கையில், முழங்கைக்குக் கீழே, ஈரமாக ஒரு மஞ்சள் திட்டு பரவியிருந்தது. பாலக்கரை நெருங்கும்போது அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சரியாச் சொன்னேனாம்மா?"

"சரியாச் சொன்னீங்கப்பா."

"பட்டம் வந்துரும்ல?"

"வந்துரும்ப்பா."

"அப்ப இனிமே இந்தக் கைய மடிச்சு விட்டுக்கலாமா? காலையிலேர்ந்து ரொம்ப எரியுதும்மா."

பொத்தானைக் கழற்றி, துணி புண்ணில் ஒட்டிக்கொண்ட இடங்களில் மெதுவாக விடுவித்து, நான்தான் மடித்துவிட்டேன்.